குட்டியைப் பார்க்காதீங்க, மண்ணைப் பாருங்க

அன்று ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். ஆறாவது ஆளைக் காணோம். நான் மைதானத்தைச் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். மூன்றாவது முறை அவர்களைத் தாண்டும்போது, வெள்ளைமுடிப் பெரியவர் ஒருவர், "ஏம்மா, ஒரு கை குறையுது. சும்மா வந்து நின்னா போதும்" என்றார். சும்மா நிற்கத்தானே என்று போனேன். கையில் இரண்டு இரும்புக் குண்டுகளைத் திணித்துவிட்டார்கள்.

என் முதல் குண்டு குறியைத் தாண்டி நாலு மீட்டர் ஓடி, வேலியோரப் புல்லுக்குள் ஒளிந்துகொண்டது. இரண்டாவது பாதி வழியில் பொத்தென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. 13-4 என்று தோற்றோம். அந்த நாலில் என் பங்கு ஒன்றுமில்லை. மறுநாள் நடைப்பயிற்சியை விட்டுவிட்டு நேராக அங்கேயே போய் நின்றேன். இரண்டு வருடம் ஓடிவிட்டது. அதற்குள் நான் செய்த தப்புகள்தான் இங்கே நிறைய வரும். புதிதாக பெத்தாங் ஆடப் போகிறவர்கள் அவற்றில் பாதியையாவது தவிர்த்துக்கொள்ளலாம்.

ஆட்டம் எளிது. தரையில் ஒரு வட்டம், அதற்குள் இரண்டு பாதமும் ஊன்றி நிற்க வேண்டும். முப்பது மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்ன மரக்குண்டு ஒன்றை முதலில் எறிவார்கள். அது 6 முதல் 10 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பிரெஞ்சில் அதற்குக் கொச்சொனே, அதாவது பன்றிக்குட்டி என்று பெயர். எங்கள் கிளப்பில் வெறும் 'குட்டி'. குட்டிக்குப் பக்கத்தில் யாருடைய இரும்புக் குண்டு கிடக்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எதிரணியின் மிக நெருங்கிய குண்டைவிட நம்முடையவை எத்தனை கிட்டத்தில் இருக்கின்றனவோ அத்தனை புள்ளி. 13 எடுத்தால் ஆட்டம் முடிந்தது. மூன்று மூன்று பேராக ஆடினால் ஆளுக்கு இரண்டு குண்டு, இரண்டிரண்டு பேர் என்றாலும் ஒற்றைக்கு ஒற்றை என்றாலும் ஆளுக்கு மூன்று. கோலி ஆடிய கைக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

எனக்குப் புரியப் பல வாரம் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்வதற்கு முன்னால், இந்த ஆட்டம் எப்படிப் பிறந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். காரணம் இருக்கிறது.

தெற்கு பிரான்சில் புரோவான்ஸ் பக்கம் இதற்கு முன்பிருந்த குண்டு விளையாட்டில் தூரம் அதிகம், ஓடிவந்து எறிய வேண்டும். மர்சேய்க்குப் பக்கத்தில் லா சியோத்தா என்று ஒரு துறைமுக ஊர். அங்கே ஜூல் லெனுவார் என்ற நல்ல ஆட்டக்காரருக்கு மூட்டுவாதம் வந்துவிட்டது. ஓட முடியவில்லை. ஓரமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவருக்காக எர்னஸ்ட் பித்தியோ என்ற நண்பர் தூரத்தைக் குறைத்து, ஓட்டத்தை எடுத்துவிட்டு, நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று வைத்தாராம். 1910 வாக்கில் நடந்தது இது. புரோவான்ஸ் மொழியில் 'ஊன்றிய பாதம்' என்று பொருள்படும் சொல்தான் தேய்ந்து பெத்தாங் ஆனது.

எங்கள் கிளப்பில் முழங்கால் அறுவை செய்துகொண்ட ஒருவர் தினமும் ஆடுகிறார். முதலில் அவருக்காக மற்றவர்கள் விட்டுக்கொடுக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். விட்டுக்கொடுப்பது அவர்தான் என்பது அவரோடு ஒற்றைக்கு ஒற்றை ஆடி 13-2 தோற்ற அன்று தெரிந்தது. முடியாதவருக்காக உண்டான ஆட்டத்தில் முடியாதவர் என்று யாரும் இல்லை. ஆனால் பாதம் ஊன்றும் விதி மட்டும் கறார். குண்டு தரையைத் தொடும்வரை கால் வட்டத்தை விட்டு வெளியே போகவும் கூடாது, தூக்கவும் கூடாது. நான் எறிந்த கையோடு முன்னால் ஒரு எட்டு வைத்துவிடுவேன். கேரம் பலகை மேல் சாய்வது மாதிரி உடம்பு தானாகப் போகும். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, உங்க குண்டு இன்னும் காத்துலதான் இருக்கு, நீங்க மட்டும் கிளம்பிட்டீங்க" என்று ஒரு கல்லூரிப் பையன் சொன்னான். அதற்குப் பிறகு எறிந்ததும் மனசுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டுத்தான் நகர்கிறேன்.

இனி அந்த ஒரு விஷயம்.

என் குண்டுகள் எல்லாம் ஒன்று நீளும், இல்லை குறையும். கை வேகத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்தேன். நடக்கவில்லை. ஒருநாள் வெள்ளைமுடிப் பெரியவர் என்னைச் சீக்கிரம் வரச் சொன்னார். குட்டியை ஏழெட்டு மீட்டரில் போட்டுவிட்டு, அதைச் செருப்பால் மறைத்துவிட்டார். எனக்கும் குட்டிக்கும் நடுவில் ஒரு காய்ந்த இலையை வைத்தார். "குட்டியைப் பார்க்காதீங்க. மண்ணைப் பாருங்க. இந்த இலை மேல குண்டு விழணும், அவ்வளவுதான் உங்க வேலை. மிச்சத்தை மண்ணு பாத்துக்கும்" என்றார்.

பத்துக் குண்டு போட்டேன். இலையில் இரண்டு விழுந்தன. அந்த இரண்டும் செருப்பைப் போய் முட்டி நின்றன. மற்ற எட்டும் எங்கெங்கோ. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது. இவ்வளவு நாள் குட்டியைக் குறிவைத்து எறிந்துகொண்டிருந்தேன். குண்டு குட்டியில் விழுவதில்லையே! எங்கேயோ விழுந்து, உருண்டு, பிறகுதான் குட்டிக்கு வருகிறது. கண் குட்டி மேல் இருந்தால் குண்டு விழும் இடத்தைக் கை தானாகத் தீர்மானித்துவிடும், ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு இடத்தை.

இப்போது என் முறை வந்தால் வட்டத்துக்குள் போவதற்கு முன் குட்டிவரை நடந்து போய்வருகிறேன். பார்க்க வேண்டியது மூன்று: மண் கெட்டியா பொலபொலப்பா, எந்தப் பக்கம் சரிகிறது, விழும் இடத்தில் கல் இருக்கிறதா. சரிவு கண்ணுக்கு எளிதில் தெரியாது. வேகமாக உருளும்போது குண்டு சரிவை மதிக்காது. நிற்கப்போகும் கடைசி ஒரு மீட்டரில்தான் 'எனக்கு இந்தப் பக்கம்தான் பிடிக்கும்' என்பது போலத் திரும்பும். ஆகவே அடுத்தவர் குண்டு கடைசியில் எந்தப் பக்கம் வளைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாலே பாதிப் பாடம் முடிந்தது. நான் அந்த நேரத்தில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இப்போது அது பைக்குள்.

ஒரு முன்னெச்சரிக்கை. இலை வைப்பது பயிற்சிக்கு மட்டும். ஆட்டத்தின்போது தரையில் அடையாளம் வைக்கக் கூடாது. கல்லைப் பொறுக்கிப் போடவும் கூடாது. என் வழியில் கிடந்த ஒரு கூழாங்கல்லை நல்லெண்ணத்தோடு எடுத்து எறிந்தேன். எதிரணி மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. தரையில் கிடக்கும் தடையை நகர்த்துவதோ அழுத்துவதோ மிதித்து நொறுக்குவதோ விதிப்படி தப்பு. முந்தைய குண்டு விழுந்த குழி ஒன்றை மட்டும் எறியும் முன் மூடிக்கொள்ளலாம். மண் இருக்கிறபடி ஆடுவதுதான் ஆட்டம்.

கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் உள்ளங்கை மேலே பார்க்க, பிச்சைப் பாத்திரம் ஏந்துவது போலப் பிடித்து எறிந்துகொண்டிருந்தேன். அப்படி எறிந்தால் குண்டு விழுந்ததும் முன்னோக்கி ஓடும், நிற்காது. உள்ளங்கை தரையைப் பார்க்க வேண்டும். விரல்களைச் சேர்த்துக் குழிவாக்கி, மணிக்கட்டை உள்ளே மடித்து, கையைப் பின்னால் கொண்டுபோய் ஊஞ்சல் மாதிரி முன்னால் விட வேண்டும். கடைசியில் விரல் நுனிகளில் உரசிக்கொண்டே குண்டு போகும்போது அதற்குப் பின்சுழல் கிடைக்கிறது. விழுந்ததும் அந்தச் சுழல்தான் பிடித்து இழுத்து நிறுத்துகிறது. இரண்டு வாரம் மணிக்கட்டு வலித்தது. பிறகு பழைய பிடி மறந்தே போய்விட்டது.

எறிவதில் மூன்று வகை. வட்டத்துக்குச் சில அடி முன்னாலேயே விழவைத்து மிச்சத் தூரம் உருட்டுவது ஒன்று. சமமான, கெட்டியான தரைக்கு அது போதும். பாதித் தூரத்தில் விழவைப்பது இன்னொன்று. மூன்றாவது உயரத் தூக்கிக் குட்டிக்குச் சற்று முன்னால் போட்டு அங்கேயே நிறுத்துவது. கல்லும் குழியுமான தரையில் உருட்ட ஆசைப்பட்டால் ஒவ்வொரு கல்லும் நம் குண்டுக்கு வழி சொல்லும், கேட்காமலே. உயரத் தூக்கினால் அந்தக் கற்கள் நமக்குச் சம்பந்தமில்லாதவை. நான் இன்றுவரை நடு வகைக்காரி. உயரத் தூக்குகிறவர்களைப் பார்க்கும்போது பொறாமையாக இருக்கிறது, தூக்கிப் போட்டால் குண்டு நாய்க்குட்டி மாதிரி உட்கார்ந்துவிடுகிறது அவர்களுக்கு.

குண்டு வாங்கியதில் பெரிய தப்பு செய்தேன். சேர்ந்து மூன்றே வாரத்தில், பளபளவென்று பெட்டியில் அடுக்கியிருந்த ஒன்றைப் பார்த்து வாங்கிவிட்டேன். போட்டி விதிப்படி குண்டின் விட்டம் 70.5 முதல் 80 மில்லிமீட்டர், எடை 650 முதல் 800 கிராம் இருக்கலாம். இந்த இடைவெளி சின்னதாகத் தெரியும். கையில் எடுத்தால்தான் தெரியும், 71-க்கும் 76-க்கும் உள்ள வித்தியாசம் செருப்பு அளவு மாதிரி என்று. நான் வாங்கியது என் கைக்குப் பெரிது. விரல்கள் சுற்றிப் பிடிக்கவில்லை என்றால் பயத்தில் இறுக்கிப் பிடிப்போம், இறுக்கினால் விடும் நேரம் தப்பும், குண்டு இடப்பக்கம் போகும். ஆறு மாதம் என் எறிதலில் குறை தேடினேன். குறை பெட்டியில் இருந்தது.

குண்டு உள்ளே வெற்று. 74 மில்லிமீட்டர் குண்டு முழு இரும்பாக இருந்தால் ஒன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும். இரண்டு அரைக்கோளங்களைப் பற்றவைத்து ஒன்றாக்குகிறார்கள். இப்படி எஃகில் செய்வது 1920-களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன் மரக்குண்டில் நெருக்கமாக ஆணி அடித்து, மீன் செதில் போல மூடியிருப்பார்கள். போட்டிக்கு அனுமதிக்கப்பட்ட குண்டில் தயாரிப்பாளர் பெயரும் எடையும் பொறித்திருக்கும். பொழுதுபோக்குக் குண்டில் இந்தக் கட்டுப்பாடு கிடையாது. மாலைநேர ஆட்டத்துக்கு யாரும் பொறிப்பைக் கேட்கப் போவதில்லை என்பதால் அவசரமே இல்லை. ஒரு மாதம் கிளப்பில் உள்ளவர்களுடைய குண்டுகளை மாற்றி மாற்றி இரவல் வாங்கி ஆடுங்கள். எல்லோரும் தருவார்கள், தங்கள் குண்டு பற்றி அரைமணி நேரம் பேசவும் செய்வார்கள். பொதுவாக, குட்டிக்கு அண்டப் போடுகிறவர்கள் கொஞ்சம் சின்ன, கனமான, வரி உள்ள குண்டையும், எதிரணிக் குண்டை அடித்துத் தள்ளுகிறவர்கள் சற்றுப் பெரிய, லேசான, வழவழப்பானதையும் விரும்புகிறார்கள். மிருதுவான எஃகு மோதினால் அவ்வளவாகத் துள்ளாது, அதனால் அடிப்பவர்களுக்கு அதில் ஆசை. வரி வேறு ஒரு வகையில் உதவும்: ஆறேழு குண்டு குவிந்து கிடக்கையில் 'அது என்னுது' என்ற சண்டை வராது.

யார் எறிய வேண்டும் என்பது எனக்குப் புரிய ஒரு மாதம் ஆனது. மாறி மாறி எறிவதில்லை. குட்டிக்குக் கிட்டத்தில் யாருடைய குண்டு இல்லையோ அவர்கள்தான் எறிய வேண்டும், எதிரணியைவிடக் கிட்டத்தில் போடும்வரை, அல்லது கை காலியாகும்வரை. ஆக ஒரு நல்ல முதல் குண்டு எதிரணியின் மூன்று குண்டைத் தின்றுவிடும். பிறகு அவர்கள் கையில் மூன்று, நம் கையில் ஐந்து. இதனால்தான் ஒன்றும் தெரியாத என்னை முதல் குண்டு போட வைத்தார்கள் என்று நினைத்தபோது ஆச்சரியமாக இருந்தது, பொறுப்பான வேலையாயிற்றே! கேட்டால், "நீங்க சொதப்பினாலும் சரி பண்ண எங்க கையில நாலு இருக்கும்மா. கடைசியில நீங்க சொதப்பினா யாரு சரி பண்றது?" என்றார் பெரியவர். சரிதான்.

முதல் குண்டு போடுகிறவர்களுக்கு இன்னொன்று. குட்டியைத் தாண்டிப் போவதைவிட முன்னால் நிற்பது எப்போதும் மேல். 'முன்னால் நிற்கும் குண்டு காசுக் குண்டு' என்று பிரெஞ்சுக்காரர்கள் ஒரு சொலவடை வைத்திருக்கிறார்கள். எதிரணிக்கு அது வழிமறிக்கும். யாராவது தெரியாமல் முட்டினாலும் குட்டியை நோக்கித்தான் தள்ளிவிடுவார்கள். தாண்டிப்போன குண்டுக்கு இந்தப் பாக்கியம் இல்லை.

கையில் எத்தனை குண்டு மிச்சம் என்று எண்ணாமல் ஆடி ஒருமுறை நான் பட்டது மறக்காது. 11-10, நாங்கள் முன்னணி. எங்கள் கையில் ஒரே குண்டு, என்னுடையது. எதிரணி கையில் மூன்று இருந்தது, நான் பார்க்கவில்லை. அவர்களுடைய ஒரு குண்டு குட்டியை ஒட்டிக்கொண்டிருந்தது. அடிக்கலாம் என்று தோன்றியது. ஏன் தோன்றியது என்று கேட்காதீர்கள், சாயங்கால வெயில், பார்க்க நாலு பேர். அடித்தேன். குண்டில் படவில்லை, குட்டியில் பட்டது. குட்டி துள்ளி ஆடுகளத்து எல்லைக்கு வெளியே போய்விட்டது. குட்டி செத்துவிட்டால் சுற்றும் செத்தது, மறுபடி ஆடலாம் என்று நான் சந்தோஷமாகக் கையைத் தட்டினேன். எதிரணியில் யாரோ மெதுவாகத் தங்கள் மூன்று குண்டையும் எடுத்துக் காட்டினார்கள். இரண்டு அணி கையிலும் குண்டு இருந்தால், அல்லது இரண்டும் காலி என்றால்தான் சுற்று செல்லாது. ஒரு அணியிடம் மட்டும் மிச்சம் இருந்தால் அத்தனை குண்டுக்கும் அத்தனை புள்ளி, எறியாமலே. 10-ம் மூன்றும் 13. ஒரு குண்டும் எறியாமல் ஜெயித்துவிட்டுப் போனார்கள். எங்கள் அணிப் பையன் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. குண்டுகளைத் துடைக்கும் துணியை மட்டும் நீட்டினான்.

அடிப்பது பற்றி எனக்குச் சொல்லத் தகுதி குறைவு. எதிரணிக் குண்டை நேராகக் காற்றிலேயே போய் மோதித் தள்ளிவிட்டு, நம் குண்டு அதே இடத்தில் நின்றுவிட்டால் அதற்குக் கர்ரோ என்று பெயர். இரும்போடு இரும்பு மோதும் சத்தம் மைதானத்துக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே நான் வாரம் ஒருநாள் தனியாகப் போய் ஆறு மீட்டரில் ஒரு குண்டை வைத்து ஐம்பது தடவை அடித்துப் பார்க்கிறேன். முதல் மாதம் ஐம்பதுக்கு ஐந்து. இப்போது பதினான்கு, பதினைந்து. ஆட்டத்தில் இரண்டு வருடத்தில் மூன்று கர்ரோ. மூன்றும் யார் யார் பார்க்க நடந்தன என்று தேதியோடு சொல்வேன். ஆனால் ஆட்டத்தில் ஜெயிக்கவைப்பது என் கர்ரோ அல்ல, யார் கண்ணிலும் படாமல் குட்டிக்கு இரண்டு சாண் முன்னால் போய் நிற்கும் முதல் குண்டு. அதைப் பற்றி யாரும் வீட்டில் போய்ப் பேசுவதில்லை.

அளப்பதில்தான் கிளப்பின் குணம் தெரியும். இரண்டு குண்டு கிட்டத்தட்ட ஒரே தூரம் என்றால் டேப் எடுக்க வேண்டும். பார்த்த கண்ணுக்கே தெரிகிறது என்று ஒருவர் எப்போதும் சொல்வார். அவர் பக்கம் நின்று பார்த்தால் அவருடையது, இவர் பக்கம் நின்று பார்த்தால் இவருடையது. இரண்டுக்கும் நேர் மேலே நின்று கீழே பார்த்தால்தான் கண் உண்மை சொல்லும். என் முதல் அளவையில் டேப்பின் முனை குட்டியைத் தட்டிவிட்டது. அளக்கும்போது குட்டியையோ தகராறில் உள்ள குண்டையோ நகர்த்துகிற அணிக்கு அந்தப் புள்ளி போய்விடும். நியாயம்தான், ஆனால் அன்று அது எங்களுடைய புள்ளி. அப்புறம் ஒரு பெண்மணி கற்றுக்கொடுத்தார்: டேப்பைக் குண்டுப் பக்கமிருந்து குட்டியை நோக்கிக் கொண்டுபோக வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு, தொடாமல், ஒரு மயிரிழை இடைவெளி விட்டு. இன்னொருவர் எதிர்ப்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும்.

எங்களிடம் ஒருவர் உண்டு. சுற்று முடிந்ததும் முதல் ஆளாகப் போய்க் குண்டுகளைப் பொறுக்கத் தொடங்கிவிடுவார். 'ரெண்டு நமக்கு' என்று சொல்லிக்கொண்டே. நல்ல மனிதர், அவசரக்காரர், அவ்வளவுதான். ஆனால் இரண்டு அணியும் ஒப்புக்கொள்ளாமல் எடுத்த குண்டுக்குப் புள்ளி கேட்க முடியாது. அவரால் எங்கள் அணி இழந்த புள்ளிகள் எத்தனையோ. அவரிடம் நேரடியாகச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை. கடைசியில் கிடைத்த வழி எளிது: புள்ளிப் பலகையை அவர் கையில் கொடுத்துவிட்டோம். இப்போது இரண்டு பக்கமும் எண்ணிக்கை சொல்லாமல் அவர் பலகையைத் திருப்புவதில்லை. யாரையும் பொறுக்கவும் விடுவதில்லை!

மாலை ஆட்டத்தில் அணி பிரிப்பது சின்ன விஷயம் போலத் தெரியும். எங்கள் வழக்கம், வந்தவர்கள் எல்லோரும் குட்டியை நோக்கி ஒரு குண்டு போடுவது. கிட்டத்தில் விழுந்தவர் ஒரு அணி, அடுத்தவர் எதிரணி, மூன்றாவது இந்தப் பக்கம் என்று மாற்றி மாற்றி. நண்பர்கள் ஒரே அணியாகவே ஆடிக்கொண்டிருந்தால் புதிதாக வந்தவர் இரண்டு வாரத்தில் நின்றுவிடுவார். நடுவில் அப்படி ஒரு காலம் இருந்தது, மூன்று பேர் நின்றுபோனார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. எறியும்போது பேசாமலிருப்பது, எறிபவர் கண்பார்வைக்குள் அசையாமல் குட்டிக்குப் பக்கவாட்டில் தள்ளி நிற்பது, எறிந்தபின் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவது, இவை எழுதாத ஒப்பந்தம். முந்தைய குண்டு நின்றதிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் எறிய வேண்டும் என்று விதி இருக்கிறது. நாங்கள் கடிகாரம் பார்ப்பதில்லை. யாராவது ரொம்ப யோசித்தால் வெள்ளைமுடிப் பெரியவர் தொண்டையைச் செருமுவார். அதுதான் நிமிடம்.

ஓசியில் அறிவுரை சொல்வது பற்றி ஒரு வார்த்தை. ஆறு மாதம் ஆடியதும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. புதிதாக வந்த பெண்ணுக்கு அவள் ஒவ்வொரு குண்டுக்கும் மணிக்கட்டு, முட்டி, பார்வை என்று வகுப்பெடுத்தேன். நாலாவது நாள், "அக்கா, ஒண்ணு மட்டும் சொல்லுங்க, அதைச் செய்யறேன்" என்றாள். அதிலிருந்து ஒரு மாலைக்கு ஒன்றுக்கு மேல் யாருக்கும் சொல்வதில்லை, அதுவும் கேட்டால்தான்.

உடம்பு விஷயம் முக்கியம், யாரும் சொல்ல மாட்டார்கள். ஒரு ஆட்டம் பத்துப் பன்னிரண்டு சுற்று போகும். ஆளுக்கு இரண்டு குண்டு என்றால் இருபது தடவைக்கு மேல் குனிந்து எடுக்கிறோம், மாலைக்கு மூன்று ஆட்டம் என்றால் எண்ணிக்கொள்ளுங்கள். என் இடுப்பு இரண்டாம் வாரமே கொடி காட்டியது. கயிற்றின் முனையில் காந்தம் கட்டிய கருவி இருக்கிறது. நின்றபடி விட்டால் குண்டு ஒட்டிக்கொண்டு மேலே வரும். வயதானவர்களுக்கு என்று நினைத்து நான் வாங்காமலிருந்தேன். இப்போது அது இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. விரல் மூடிய ஷூ போட்டே வாருங்கள். எழுநூறு கிராம் இரும்பு உயரத்திலிருந்து கால்விரலில் விழுந்தால் என்ன ஆகும் என்று ஒருவர் எங்களுக்குக் காட்டினார், நாங்கள் கேட்காமலே. நடைப்பயிற்சிக்காரர்களும் பந்தைத் துரத்தும் குழந்தைகளும் குறுக்கே வரும் இடம் என்றால் ஒருவர் கண் எப்போதும் வழியில் இருக்க வேண்டும், முக்கியமாக யாராவது அடிக்கப்போகும்போது. மோதிய குண்டு எந்தப் பக்கம் தெறிக்கும் என்று அடிப்பவருக்கே தெரியாது.

ஓய்வுபெற்றவர்கள் நிழலில் ஆடும் ஆட்டம் என்று வீட்டில் கேலி இருந்தது. மர்சேயில் 1962 முதல் நடக்கும் பெரிய போட்டியில் ஆயிரக்கணக்கானோர் ஆடுகிறார்கள் என்றும், 2016-இல் உலகப் பட்டத்தை மடகாஸ்கர் வென்றது என்றும் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குட்டியை எறியச் சொல்லி என் பெண்ணின் கையில் கொடுத்தேன், அத்தோடு கேலி நின்றது. இப்போது அவள் என்னைவிட உயரத் தூக்குகிறாள்.

மழைக்குப் பிறகு தரை வேறு தரை. போன வாரம் அப்படித்தான் இருந்தது. விழுந்த குண்டு உருளவே இல்லை, சேற்றில் பதிந்து நின்றது. இலை வைத்துப் பழகிய இடங்களெல்லாம் பொய்யாகிவிட்டன. நான் மூன்று சுற்று தோற்ற பிறகுதான் விழும் இடத்தைக் குட்டிக்குக் கிட்டத்தில் நகர்த்தினேன். அப்படி 6-11-லிருந்து 12-12 வரை வந்துவிட்டோம். கடைசிச் சுற்றில் எல்லார் கையும் காலி. குட்டிக்கு இந்தப் பக்கம் என் குண்டு, அந்தப் பக்கம் முழங்கால்காரருடையது. டேப் வைத்தோம். ஒரே அளவு. ஆள் மாற்றி வைத்தோம். ஒரே அளவு. இருட்டிவிட்டது, இரண்டு பேர் போன் விளக்கைப் பிடித்தார்கள், பெரியவர் மண்டியிட்டு மூன்றாவது முறை அளந்தார். அதே அளவு. இரண்டு அணியும் காலி என்றால் அந்தச் சுற்று செல்லாது. யாருக்கும் புள்ளி இல்லை. மறுநாள் 12-12-லிருந்து தொடருவது என்று முடிவாகி, குண்டுகளைத் துடைத்துப் பையில் போட்டோம்.

மறுநாளும் மழை. அதற்கு மறுநாளும். எல்லோரும் வந்து கூரைக்கடியில் நிற்கிறோம். முந்தின புள்ளியை எடுத்த அணிதான் குட்டியை எறிய வேண்டும், அது நாங்கள்தான் என்கிறேன் நான். அந்தப் புள்ளியை எடுத்ததே தாங்கள்தான் என்கிறார் முழங்கால்காரர். புள்ளிப் பலகைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்க்கிறார், அவருக்கும் நினைவில்லை.